பேப்பரில் வந்த குடம்

வடசென்னையில் எர்ணாவூர் குடிசை மாற்று வாரிய வீடுகளுக்குள் போய் அன்புக்கரசி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "பேப்பர் அரசி வூடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் பூமாரி. ஆசை ஆசையாய் வைத்தாள். அப்புறம் அதே பெயரை அவளே காறித் துப்பவும் செய்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடைதான், ரெண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கோடை.

பூமாரி யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சந்து முனையில் இட்லிக் கடை போட்டிருந்தவள். கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு குண்டான், மேலே கிழிந்த தார்ப்பாய், அவ்வளவுதான். புருஷன் லாரியில் ஆந்திரா பக்கம் போனவன் போனவன்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அரசிக்கு அப்பா கிடையாது. அம்மா எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். ஆகவே அரசி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து காலேஜ் போன நாள்வரை அவளுக்குக் காலை நாஸ்தா பூமாரி கையால்தான். சட்னி தீர்ந்துபோனாலும் அரசிக்கென்று ஒரு கரண்டி ஒளித்து வைத்திருப்பாள். ரத்த உறவு என்று எதுவும் இல்லை. கூடப் பிறந்தவளுக்குக்கூட அப்படி யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள்.

காலேஜில் அரசி எடுத்தது இதழியல். கடைசி வருஷத்தில் எங்காவது போய் வேலை பழகி, அங்கிருந்து ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்து கொடுத்தால்தான் பாஸ். இன்டர்ன்ஷிப் என்று பெயர். கூடப் படித்தவர்கள் டி.வி., ரேடியோ என்று போனார்கள். அங்கெல்லாம் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். அரசிக்கு யாரைத் தெரியும்? டீச்சர் ஒரு விலாசம் கொடுத்தார். ஆழ்வார்பேட்டையில் 'தெளிவு மையம்' என்று ஒரு அமைப்பு. தேர்தலில் எந்தக் கட்சி எவ்வளவு செலவு செய்கிறது, கணக்கில் காட்டுவது எவ்வளவு, காட்டாதது எவ்வளவு என்று கண்காணித்து ஊருக்குச் சொல்கிறவர்கள். அப்போது எம்.பி. எலெக்ஷன் வந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுக்கத் தமிழ் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

போன முதல் நாள் அரசி நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். குளிர்சாதன அறை, கண்ணாடி மேஜை, சுற்றிலும் இங்கிலீஷ். செய்திப் பிரிவுக்குத் தலைவி ஃப்ளோரா என்கிற பெண்மணி. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை. விண்ணப்பக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டவள், விலாசத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"எர்ணாவூரா?"

"ஆமாங்க மேடம்."

ஃப்ளோரா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்தாள். "இன்னாமே, இத மொதல்லயே சொல்றதில்ல? நான் ராயபுரம். சர்ச்சு பின்னால சந்து. நாஸ்தா துன்னியா இல்லையா?"

கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பேச்சு வந்ததும் அரசி தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். காலேஜில்கூட இந்த வாய்மொழியை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். ஒரு பெரிய மனுஷி அதைச் சட்டென்று எடுத்து நீட்டுகிறாளே! அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவள்தான். விழாமல் இருந்திருப்பேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

வேலையில் அரசி கெட்டிக்காரி. இங்கிலீஷில் இரண்டு பக்கத்துக்கு என்னென்னவோ எழுதியிருப்பார்கள். அவள் அதைப் படித்துவிட்டு, "பந்தல் போட்டது யார் என்று தெரிகிறது. பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தது யார்?" என்று ஒரே வரியில் ஆரம்பிப்பாள். பேப்பர்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டார்கள். அவள் எழுதியது முதன்முதலாக அச்சில் வந்த அன்று, சின்னதுதான், உள்பக்கத்தில் கட்டை விரல் அளவுக்கு, பூமாரி அந்தப் பேப்பரை இட்லித் தட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு வருகிற போகிறவரையெல்லாம் நிறுத்தினாள்.

"யோவ், குந்து. இத பாரு. எங்க அரசி எயுதினது. பேரு போடல, ஆனா அவதான். இனிமே இவ பேப்பர் அரசி. இட்லி அப்பால துன்னுவ, மொதல்ல படி."

"எனக்குப் படிக்கத் தெரியாதே பூமாரி."

"எனக்கு மட்டும் தெரியுமா? நான் பாக்கல? பாரு!"

இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வர வேண்டும். அந்த வருஷம் ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. குழாயில் காற்றுதான் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும், அதுவும் நிச்சயமில்லை. மனிதர்கள் காத்துக்கிடக்க முடியுமா, வேலைக்குப் போக வேண்டாமா? ஆகவே குடங்கள் காத்துக்கிடக்கும். சந்து நெடுகக் காலிக் குடங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் குடத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஒருத்தி கழுத்தில் சேலைக் கிழிசல் கட்டியிருப்பாள், ஒருத்தி பெயின்ட் கோடு இழுத்திருப்பாள். பூமாரியின் குடம் பச்சை. அடுப்பில் பட்டு உருகிய இடத்தில் வேறொரு சிவப்புப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தாள். கழுத்தில் ஆரஞ்சு நிறத் துணி. யார் ஊரில் இல்லை, யார் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் அந்த வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகத்தை மறந்தாலும் மறப்பார்கள், குடத்தை மறக்க மாட்டார்கள்.

லாரி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறவன் கோதண்டம். ஒரு கட்சிக்கு ஏரியாவில் எல்லாம் அவன்தான். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். எலெக்ஷன் நெருங்கினால் பட்டப்பகலில் அவனும் இன்னொரு ஆளும் அந்த வரிசையோடு நடந்துபோவார்கள். போகிறபோக்கில் ஒவ்வொரு முதல் குடத்துக்குள்ளும் ஒரு கவர் விழும். கொடுத்த கையும் கிடையாது, வாங்கிய கையும் கிடையாது. யாராவது கேட்டால், "கொடத்துக்குள்ள மய பெஞ்சிச்சிபா" என்று பெண்கள் சிரிப்பார்கள். அடையாளம் இல்லாத குடத்தில் மழை பெய்யாது. சாயங்காலம் அவன் வீடு வீடாக வந்து சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குவான்.

இதை அரசி ஒருநாள் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டின்போது வேடிக்கையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ளோரா சிரிக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"அரசி, இத போட்டோ எடுக்க முடியுமா?"

"ஐயோ மேடம், கோதண்டம் பார்த்தா..."

"நாம எத்தனை பிரஸ் நோட் அனுப்பறோம்? எவன் படிக்கிறான்? இந்த ஒரு படம் வந்தா இந்தியா பூரா பேசும். நீதான் எடுக்கணும். வேற யாரால முடியும்?"

கேமராவைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அரசி அதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்து, கடை மூடியபின் பூமாரியிடம் காட்டினாள். குடத்தில் கவர் விழ வேண்டும், அதை எடுக்கிற கை தெரிய வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

பூமாரி உடனே சரி என்று சொல்லவில்லை. அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"போன எலெக்ஷன்ல அந்த ஆளு கொயந்த தலைல கைய வெச்சி சத்தியம் வாங்கிகினான், தெரியுமா? நான் உள்ள போயி மாத்தி குத்திட்டேன். வந்த வாரமே கொயந்தைக்கு அம்ம போட்டுச்சி. அன்னிலேர்ந்து எனக்கு அந்தக் கவரத் தொடவே பயமா கீது. இந்தத் தபா வேணாம்னா வுட மாட்டான். எதிர்க் கட்சின்னுவான்."

"அதுக்குத்தாங்கா. வெளிய வந்தா அவன் அடங்குவான்."

"அடங்குவானோ இன்னாவோ." பூமாரி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்றதுக்கோசரம் செய்யறேன். ஆனா என் மூஞ்சி வரக்கூடாது, பேரு வரக்கூடாது, கொடம் வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

அரசி குழந்தை பக்கம் கையை நீட்டினாள். பூமாரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"கொயந்த தலைல வேணாம். ஒன் தலைலயே பண்ணிக்க."

அரசி தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

துணியை அவிழ்த்துவிட்டு வைக்கலாம் என்றால், அடையாளம் இல்லாமல் கோதண்டம் கவர் போட மாட்டான். ஆகவே குடம் இருந்தபடியேதான் நின்றது. மாடி நடையின் கம்பிக்கு நடுவே கேமராவை வைத்து அரசி எடுத்தாள். கவரை உருவுகிற பூமாரியின் கை, உருகி ஒட்டிய சிவப்புத் தழும்பு, ஆரஞ்சுத் துணி, பின்னால் மங்கலாக வரிசை. முகம் இல்லை. அரசி எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் ஃப்ளோராவிடம் கேமராவைக் கொடுக்கும்போதே விரலை வைத்துக் காட்டினாள். "கையும் குடத்து வாயும் மட்டும் போதும் மேடம். கழுத்துலேர்ந்து கீழ எல்லாத்தையும் வெட்டிடணும். குடம் தெரிஞ்சா ஆள் தெரிஞ்சிடும். அவங்க பேரையும் நான் இங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சரிடி. வெட்டிடறேன்."

"நிச்சயமா மேடம்?"

ஃப்ளோரா கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையை இரண்டு விரலால் பிடித்து உதட்டில் ஒற்றிக்கொண்டாள். "மாதா மேல சத்தியம். போதுமா? போயி கேப்ஷன் எயுது."

அரசி எழுதினாள். 'தண்ணீருக்கு வைத்த குடத்தில் விழுவது என்ன?' என்று. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த வரியைத் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பேப்பர் வந்தது. முதல் பக்கம், கலரில், பாதிப் பக்கத்துக்கு. வெட்டவே இல்லை. அச்சில் பச்சை இன்னும் பச்சையாக, தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

டீக்கடையில் முதலில் பார்த்தவன் சந்தோஷமாகத்தான் கத்தினான். "டேய், பூமாரி கொடம் பேப்பர்ல வந்துக்கீதுடா!" நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். "ஆமாபா, அதே தழும்பு!" என்றாள் ஒருத்தி. "ஷோக்கா கீதே! கீய இன்னா போட்டுக்கீது, படி." ஒருவன் படித்தான். படித்து முடிப்பதற்குள் சிரித்தவர்கள் ஒவ்வொருவராய் நகர ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அரசியும் நின்றிருந்தாள், காலேஜ் பையோடு. நிமிர்ந்தால் எதிரே பூமாரி, கையில் மாவுக் கரண்டியோடு. பேப்பரைப் பார்த்தாள், அரசியைப் பார்த்தாள், கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எலெக்ஷன் ஆபீஸ் ஜீப்பில் யாரோ வந்து விசாரித்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் போனபிறகு கோதண்டம் வந்தான். கத்தவில்லை, யாரையும் தொடவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வரிசையோடு நடந்து வந்தவன் பச்சைக் குடத்தின் முன் நின்றான். காலால் மெதுவாக, பூனையைத் தள்ளுவதுபோல, அதை வரிசைக்கு வெளியே நகர்த்தினான்.

"பேப்பர்ல வந்த கொடமாச்சே இது. பெரிய கொடம். நம்ம லாரித் தண்ணியெல்லாம் இதுக்கு ஒத்துக்காது."

"அண்ணே, கொயந்த கீது. கடை கீது. தண்ணி இல்லாம..." என்றாள் பூமாரி.

"நான் இன்னா சொன்னேன்? மரியாதையாதான சொன்னேன்? போட்டோ புடிச்சவங்கள தண்ணி ஊத்தச் சொல்லு."

அதோடு நின்றிருந்தால்கூடச் சந்து பூமாரி பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கோதண்டம் அதைவிட விவரமானவன். அடுத்த லாரியிலிருந்து வண்டியே சந்துக்குள் வரவில்லை, நாலு சந்து தள்ளித் தார் ரோட்டில் நின்றது. எல்லோரும் அவ்வளவு தூரம் சுமந்தார்கள், சுமந்த ஒவ்வொரு குடத்துக்கும் பூமாரியைத் திட்டினார்கள். அங்கே வரிசையில் அரசியின் அம்மா தயங்கித் தயங்கிக் குடத்தை வைத்தபோது, கோதண்டம் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னான்:

"நீ வையி யக்கா. பாப்பா படிச்ச பொண்ணு, நாளைக்கு நமக்கே வேண்டியிருக்கும். அவ நமக்கு தோஸ்துதான். யாரு மேல கோவப்படணும்னு எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். படம் எடுத்தது பேப்பர் அரசி என்று சந்துக்குச் சொல்லவா வேண்டும்? போட்டோ எடுத்தவள் வீட்டுக்குத் தண்ணீர், எடுக்கப்பட்டவளுக்கு இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அரசி இரண்டு பக்கத்திலும் பேசி வைத்துக்கொண்டு பூமாரியைப் பலி கொடுத்துவிட்டாள். சந்து அப்படித்தான் பேசியது. அரசி வாசலில் நின்று இல்லை இல்லை என்றாள். அவள் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாய மூடுடி. ஒன் வாயால வந்ததுதான எல்லாம்? அந்த மேடத்துக்கிட்ட போயி கேளு. அவ வந்து சந்துல நின்னு சொல்லட்டும், நாந்தான் போட்டேன்னு."

அரசிக்கு அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஃப்ளோரா வெட்டத்தான் சொல்லியிருப்பாள், பேப்பர் ஆபீசில் யாரோ தப்புச் செய்திருப்பார்கள் என்று பாரிஸ் கார்னர் போய்ச் சேரும்வரை நினைத்தாள். அங்கே பஸ் மாறி ஆழ்வார்பேட்டை போகும்வரையிலும் அதையே நினைத்தாள்.

ஆபீசில் அன்று கேக் வெட்டியிருந்தார்கள். ஃப்ளோரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எங்கடி போயிட்ட? டெல்லிலேர்ந்து போன் வருது, பம்பாய்லேர்ந்து போன் வருது!"

"மேடம், படத்த வெட்டாம போட்டுட்டாங்க. பேப்பர்காரங்க..."

"நாந்தான் அப்படியே அனுப்பினேன்."

அரசி கையோடு கொண்டுவந்த பேப்பரை மேஜைமேல் வைத்தாள்.

"உக்காரு. மொதல்ல தண்ணி குடி." மேஜையில் பாட்டில் தண்ணீர் இருந்தது. "வெட்டிப் பார்த்தேன் அரசி. வெறும் ஒரு கை, ஒரு ஓட்டை. என்னன்னே புரியல. அந்தத் துணியும் அந்தத் தழும்பும்தான் படமே. அது இல்லாட்டி எவன் முதல் பக்கத்துல போடுவான்?"

"குடத்தப் பார்த்தா யாருன்னு தெரிஞ்சிடும்னு சொன்னேனே மேடம். உங்களுக்கு அது புரியலையோன்னு..."

"புரியலையா?" ஃப்ளோரா சிரித்துவிட்டாள். "நானும் லைன்ல நின்னவதாண்டி. எங்க வீட்டு கொடத்துல மஞ்ச பெயின்ட்டு. எனக்குத் தெரியாம இருக்குமா?"

இதைக் கேட்டபோதுதான் அரசிக்கு விஷயம் உறைத்தது. வேறு யாராவது, குடம் என்றால் வெறும் குடம் என்று நினைக்கிறவர்கள், செய்திருந்தால் மன்னித்திருப்பாள். இவள் தெரிந்தே செய்தாள். அந்தச் சந்தின் பாஷையைப் பேசிக் கிட்டே இழுத்தவள், அந்தச் சந்தில் குடம் என்றால் என்ன என்று தெரிந்தே அனுப்பினாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணீங்க மேடம்."

"பண்ணேன். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படியும் போகத்தான் போறேன், இதையும் சேர்த்துச் சொல்லிக்கிறேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "பெரிய காரியத்துல இதெல்லாம் இருக்கும்மா. ஒரு வாரம் கத்துவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

"அவங்களுக்குத் தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு தபா வந்து சொல்லுங்க மேடம், உங்க மேல தப்புன்னு. லாரி ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. நானே எழுதறேன், நீங்க கையெழுத்து போட்டா போதும்."

"நாம செலவைக் கண்காணிக்கிறவங்க அரசி. தண்ணி நம்ம வேலை இல்ல. அங்க போய் நின்னா ஒரு பக்கம் சேர்ந்துட்டோம்னு சொல்லிடுவாங்க."

அரசி வீடு திரும்பியபோது அம்மா கொண்டுவந்த தண்ணீர் இரண்டு குடம் உள்ளே இருந்தது. அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். பூமாரியின் அடுப்பு பற்றவைத்து நாளாகியிருந்தது. மாவு புளித்துப் பொங்கி வழிந்த பாத்திரத்தைக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் வாசலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, இத வெச்சிக்க."

பூமாரி எழுந்து வந்து குடத்தை வாங்கினாள். நல்லபடியாகத்தான் வாங்கினாள். அரசிக்கு உயிர் வந்தது. வாங்கியவள் அதை அப்படியே சாய்த்தாள். அந்தக் கோடையில், ஒரு சொம்புக்குக் குடுமிப்பிடிச் சண்டை நடந்த காலத்தில், ஒரு குடம் தண்ணீர் சந்தில் ஓடியது. குழந்தை அதில் கால் வைத்துக் குதித்தது. எதிர்வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கோதண்டம் குடுத்த தண்ணிதான இது?" என்றாள் பூமாரி. "அவன் சூடத்த ஏத்தி சத்தியம் வாங்கினான். நீ இட்லி துன்னுட்டு சத்தியம் பண்ண. அவன் சொன்னத செஞ்சான் அரசி. லாரித் தண்ணி இல்லேன்னான், குடுக்கல. நீ இன்னா சொன்ன?"

"நான் குடுக்கலக்கா. அந்த மேடம்தான்..."

"எனக்கு எந்த மேடத்தத் தெரியும்? நான் ஒன் மூஞ்சியப் பாத்துதான கைய வுட்டேன் அந்தக் கொடத்துல? பேப்பர் அரசியாம். தூ!"

பூமாரி சொன்னது நியாயம். அரசி மேல் தப்பு இல்லை என்று அவள் அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். ஆனால் வாக்குக் கொடுத்தது ஃப்ளோரா அல்ல, அரசிதான். அடுத்தவள் நாக்கை நம்பித் தன் தலையில் கை வைத்தாள். ஏமாந்ததும் நிஜம், ஏமாற்றியதும் நிஜம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியாது.

அரசி அதற்கப்புறம் ஆழ்வார்பேட்டைப் பக்கம் போகவில்லை. எலெக்ஷன் முடிந்தது. யார் ஜெயித்தால் என்ன, லாரியை நிறுத்துகிறவன் கோதண்டம்தான். பூமாரி தார்ப்பாயை மடித்து, அடுப்பை விற்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சடையங்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மழை வந்தால் இடுப்பளவு நிற்கும் இடம் அது. போகும்போது அந்தப் பச்சைக் குடத்தை மட்டும் எடுத்துப் போகவில்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை.

பிறகு ஒருநாள், பக்கத்தில் டெலிபோன் பூத் வைத்திருந்த உசேன் பாய் கடைக்கு ஃப்ளோராவின் போன் வந்தது. உசேன் பாய் பையனை அனுப்பாமல் தானே வந்து கூப்பிட்டார். "யம்மா அரசி, ஆழ்வார்பேட்டை. ஆனா ஒண்ணு சொல்றேன், வேணாம்னா நீ இல்லேன்னு சொல்லிடறேன்." அரசி போய் எடுத்தாள்.

"அரசி! அறிக்கை வெளியிடறோம். அந்தப் படம்தான் அட்டை. பெரிய ஹோட்டல்ல விழா. அந்த அம்மாவ மேடையில ஏத்தி சால்வை போடலாம்னு இருக்கோம். அவங்க பேரு என்ன? உள்ள பேரோட ஒரு பேட்டி இருந்தா கனமா இருக்கும்."

"பேரு சொல்ல மாட்டேன் மேடம்."

"ஏன்டி? இப்பதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. ஊருக்கே தெரிஞ்ச கொடம்."

"கொடம்தான் தெரியும். பேரு உங்களுக்குத் தெரியாது."

பிறகு ஃப்ளோராவின் குரல் இங்கிலீஷுக்கு மாறிவிட்டது. வேலை பாதியில் நின்றிருக்கிறது, முடிக்காமல் சர்டிபிகேட் எப்படிக் கொடுப்பது, ஒரு பெயர்தானே, யோசித்துச் சொல், ஆபீசில் நிரந்தரமாகவே ஒரு இடம் இருக்கிறது, உன்னை மனதில் வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். அரசி இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரியாதவள் இல்லை.

"இன்னா மேடம், ராயபுரம் பேச்சு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

சர்டிபிகேட் வரவில்லை. காலேஜில் அந்த ஒரு பாடம் பாக்கி நின்று, டிகிரி கைக்கு வரத் தாமதமானது. அதற்குள் திருவொற்றியூரில் ஒரு டைப் அடிக்கும் கடையில் சேர்ந்துவிட்டாள். ரேஷன் கார்டு மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்பாள். நல்ல கை. கடைக்காரருக்கு அவளை விட மனசில்லை. பத்திரிகைக்கு எழுதச் சொல்லி யாராவது கேட்டால் மட்டும் அடுத்த மனுவை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிடுவாள். பூமாரியின் பெயரைக் கேட்டு அறிக்கைக்காரர்கள் இன்னும் இரண்டொரு தடவை ஆள் அனுப்பினார்கள். சந்துக்காரர்களும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கை அவள் காப்பாற்றினாள் என்பது பூமாரிக்குத் தெரியாது. யார் போய்ச் சொல்வது? சொன்னால்தான் என்ன, அடுப்பு திரும்பி வருமா?

சில வருஷம் கழித்து, மணலியிலிருந்து திருவொற்றியூர் வரும் பஸ்ஸில் அரசி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட் காலி. நடுவழியில் கூடையோடு ஏறினாள் பூமாரி. முன்னால் நன்றாக நரைத்திருந்தது. அரசியைப் பார்த்தாள், காலி சீட்டையும் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"இன்னாமா, சீட்டு காலியா கீது, குந்து" என்றான் கண்டக்டர்.

"வேணாம்பா. எறங்கப்போறேன்."

அரசி எழுந்து நின்றாள். சீட்டை விட்டு வெளியே வந்து, இரண்டு இடத்தையும் காலியாக்கிவிட்டு நின்றாள். பூமாரி திரும்பவில்லை. கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா கேஸுங்கடா இது" என்று முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனான். பூமாரி இறங்க வேண்டிய இடம் வெகு தூரத்தில் இருந்தது. அதுவரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டேதான் போனார்கள்.